ஞானஸ்நானப் பத்திரம் கேட்கிறார்கள்

சென்ற இதழில் கல்யாணப் பதிவு பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த இரண்டு மூன்று குடும்பங்கள் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கோயிலில் கல்யாணம் கட்டுவதற்குப் பிள்ளையின் ஞானஸ்நானப் பத்திரம் கேட்கிறார்கள், அது வன்னியிலேயே போய்விட்டது, என்ன செய்வது?

2009 இல் முள்ளிவாய்க்கால் வரைக்கும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களிடம் பத்திரம் இருக்குமா? உயிர் மிஞ்சியதே பெரிய காரியம். ஆனால் கலங்க வேண்டாம். முதலில் ஞானஸ்நானம் நடந்த பங்குக் கோயிலுக்கு எழுதிக் கேளுங்கள். பதிவுப் புத்தகத்தில் பெயர் இருந்தால் சுவாமியார் புதிதாக எழுதி அனுப்புவார். புத்தகமே அழிந்திருந்தால் அதற்கும் வழி உண்டு. கத்தோலிக்கரின் 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் 876 ஆம் பிரிவைப் பாருங்கள். ஒருவருக்கும் பாதிப்பில்லை என்றால், நம்பத்தக்க ஒரேயொரு சாட்சி சொன்னாலே போதும். பிள்ளையைக் கையில் ஏந்திய ஞானத்தாய் இன்று கனடாவில் இருந்தாலென்ன, பிரான்சில் இருந்தாலென்ன, அவரிடம் எழுதி வாங்கி இங்குள்ள பங்குத்தந்தையிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். வளர்ந்தபின் ஞானஸ்நானம் பெற்றவர் என்றால் அவரே சத்தியம் பண்ணிச் சொல்லலாம்.

பத்திரம் இல்லையென்று மறுபடி ஞானஸ்நானம் தரச் சொல்லிக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிக் கேட்காதீர்கள். ஒருமுறை பெற்றால் பெற்றதுதான். எங்கள் மெதடிஸ்த குடும்பங்களும் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பங்களும் போகிற யுனைட்டிங் சேர்ச்சிலும் (1977 இல் மூன்று சபைகள் கூடி உண்டானது) இதே முறைதான். பெந்தெகொஸ்தே, பப்திஸ்து சபைகள் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. அது அவர்கள் நம்பிக்கை, அதற்காகச் சண்டை வேண்டாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கார் அனுப்புகிறார்கள், தளபாடம் தருகிறார்கள் என்பதற்காக மட்டும் தண்ணீரில் இறங்குவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

உதவி வாங்குவதற்கு ஞானஸ்நானம் தேவையில்லை. உதவி செய்வதற்குத்தான் அது தேவை என்று நாங்கள் நினைக்கிறோம். இங்கே வந்த புதிதில் எங்களில் பலருக்குக் கட்டிலும் கம்பளியும் தந்தது வின்னீஸ் என்கிற வின்சென்ட் டி போல் சபை. ஊரில் எங்கள் பங்குகளிலும் இருந்த அதே சபைதான். 1833 இல் பாரிசில் பிரெடெரிக் ஒசானாம் என்கிற இருபது வயது மாணவனும் கூட்டாளிகளும் தொடங்கினார்கள். மெல்பேர்னுக்கு 1854 இல் வந்தது. வீடு வீடாகப் போகிறவர்கள் பெரும்பாலும் சுவாமிமாரோ கன்னியாஸ்திரிகளோ அல்ல, எங்களைப்போல வேலைக்குப் போகிற, ஓய்வு பெற்ற சாதாரண ஆட்கள். அவர்களுக்கு அந்த வேலையைக் கொடுத்தது குருப்பட்டம் அல்ல, ஞானஸ்நானம். கட்டில் இறக்க வந்தவர்கள் எங்கள் பக்கத்து வீட்டுச் சைவக் குடும்பத்திடம் என்ன சமயம் என்று கேட்கவேயில்லை.

1995 ஜூலை 9 ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த சனங்களையும் யாரும் அப்படிக் கேட்கவில்லை. அன்று விமானக் குண்டுவீச்சில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஊரில் கோயில் கதவு திறந்தே இருந்தது. இங்கே இரவு வேலை முடித்துவந்து நித்திரை கொள்ளும் எங்கள் வீட்டுக் கதவு பூட்டியே கிடக்கிறது. அதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

இன்னொரு கேள்வியும் வந்தது. கூட வேலை செய்கிற சைவ நண்பர்தான் வந்த நாளிலிருந்து எல்லாம் பார்த்தவர், அவரை ஞானத்தந்தையாக வைக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். கத்தோலிக்க முறைப்படி முடியாது. ஞானத்தந்தை உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்கவேண்டும், பொதுவாகப் பதினாறு வயதும் நிறைந்திருக்கவேண்டும். வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் என்றால் கத்தோலிக்க ஞானத்தாய் ஒருவரோடு சாட்சியாக நிற்கலாம். சைவர் பெயரைப் புத்தகத்தில் அப்படி எழுதமாட்டார்கள். ஆனால் அவர் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பதை யாரும் தடுப்பதில்லை. முன்வரிசையில் நிற்கச் சொல்லுங்கள் என்றோம்.

அடுத்த இதழில் ஓவர்டைம் காசும் வரியும் பற்றி எழுதுவோம்.