மாஸ்க்கை முதல்நாளே காட்டுங்கள்

"மூச்சு முட்டுது, எடு கண்ணு!" பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்திருந்த அந்த அம்மாள், நான் முகத்தில் வைத்த ஆக்சிஜன் மாஸ்க்கைத் தள்ளிவிட்டார். அறுபது வயதிருக்கும். இப்படி ஒன்றை வைப்போம் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

மயக்க மருத்துவராக இருபத்திரண்டு வருடங்களில் இதை நிறையப் பார்த்துவிட்டேன். முழு மயக்கம் கொடுத்ததும் மூச்சு நின்றுவிடும். தொண்டைக்குள் குழாய் இறங்கும்வரை நுரையீரலில் இருக்கிற ஆக்சிஜன்தான் கையிருப்பு. நாம் சுவாசிக்கும் காற்றில் அது 21 சதவீதம்தான். மீதி பெரும்பாலும் நைட்ரஜன். அந்தக் காற்றை மட்டும் நம்பினால் ஒரு நிமிடம் போலத்தான் தாங்கும். மயக்கத்துக்கு முன் மாஸ்க் வழியே சுத்தமான ஆக்சிஜனை 3 நிமிடம் இயல்பாக இழுத்து விட்டால் நைட்ரஜன் வெளியேறி அந்த இடமும் ஆக்சிஜனால் நிரம்பும். ஆரோக்கியமானவர் 8 நிமிடம்வரைகூடத் தாங்குவார். பருமனானவர்களுக்கும் நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் அந்த அவகாசம் வெகுவாகக் குறையும். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் படுக்கவைத்தால் பருமனானவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அவசரமென்றால் ஒரே நிமிடத்தில் 8 ஆழமான மூச்சு. எந்தத் தொண்டையில் குழாய் இறங்க மறுக்கும் என்பது எப்போதும் முன்கூட்டித் தெரிவதில்லை; அதனால்தான் எல்லோருக்குமே முன்கூட்டி ஆக்சிஜன் கொடுக்கச் சொல்கிறேன்.

நோயாளி பயப்படுகிறார் என்று மாஸ்க்கை முகத்துக்கு ஓர் அங்குலம் மேலே பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். இடுக்கு வழியே வெளிக்காற்று கலந்துவிடும். அது கொடுத்ததாகவே ஆகாது. "ஆரம்பிக்கலாமா?" என்று சர்ஜன் அவசரப்படுத்துவதும் நடக்கிறது. மாஸ்க் பொருந்தியிருக்கிறதா என்பதை மெஷினில் தொங்கும் பையே சொல்லிவிடும்: ஒவ்வொரு மூச்சுக்கும் சுருங்கி உப்ப வேண்டும்.

அந்த அம்மாளுக்குப் பல்செட்டைக் கழற்றியிருந்ததால் கன்னம் ஒடுங்கியிருந்தது. பை துவண்டு கிடந்தது. "நீங்களே பிடிச்சுக்கோங்கம்மா" என்று மாஸ்க்கை அவர் கையில் கொடுத்தேன். பயம் தணிந்ததும் என் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தேன். பை அசையத் தொடங்கியது.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே ஒரு மாஸ்க்கை நோயாளியின் கையில் கொடுத்துப் பழக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. எல்லா மருத்துவமனைகளும் இதை வழக்கமாக்க வேண்டும்.

மறுநாள் வார்டுக்குப் போனபோது, பக்கத்துக் கட்டிலில் ஆபரேஷனுக்குக் காத்திருந்த பெண்ணிடம் அந்த அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார்: "மூஞ்சியில ஒண்ணு வெப்பாங்க. தள்ளிவிடாத, நல்லா இழுத்து விடு."