பழவேற்காட்டுக் கல்லறைகள் யாருக்காக?

"வெள்ளைக்காரன் கல்லறைக்குக் காவல் ஒரு கேடா?" என்று கேட்கின்றனர் சிலர். "ஆகா, என்ன வேலைப்பாடு!" என்று வாய் பிளந்து நிற்கின்றனர் வேறு சிலர். இரு சாராரும் கல்லைக் காண்கின்றனர். அது கூறும் சேதியைக் கேட்பாரில்லை.

கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்குக் கிழக்கே, கடலோரத்தில் இருக்கிறது பழவேற்காடு. 1613இல் ஒல்லாந்தர் அங்கே கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரையில் அவர்தம் வாணிபத்தின் தலைமையிடம் அது. இன்று கோட்டை மண்மேடு. எஞ்சி நிற்பது, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள கல்லறைத் தோட்டம். வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். உள்ளே, பெயரும் குலச்சின்னமும் பொறித்த கற்பலகைகள்.

துணி வாங்க வந்தோர் துணியோடு நின்றனரா? மனிதரையும் வாங்கினர்! 1622-23இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். 1659 முதல் 1661 வரை, தஞ்சைச் சீமையைப் படையெடுப்பு சூறையாடியபோது, நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் பிற இடங்களிலும் வாங்கப்பட்டோர் 8,000 முதல் 10,000 பேர். பெரும்பாலோர் இலங்கைக்கு, எஞ்சியோர் மலாக்காவுக்கும், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவுக்கும்!

வாங்கியவன் ஒல்லாந்தன். விற்றவன் யார், தோழர்களே? வயிறு காய்ந்த பெற்றோரைத் தேடிச் சென்ற தரகன் எந்நாட்டான்? கோயிலுக்கு மனிதர் விற்கப்பட்ட செய்தியை நம் சோழர் காலக் கல்வெட்டுகளே கூறவில்லையா? அடிமைத்தனம் கப்பலில் வந்திறங்கிய சரக்கன்று. கரையிலும் விளைந்த நஞ்சு. "தலைவிதி" என்று ஓதியவர்களும் அதற்கு நீர் வார்த்தவர்களே.

அப்படியாயின் கல்லறைகளை இடித்தெறியலாமா? கூடாது! சான்றை அழிப்பது குற்றவாளிக்குச் செய்யும் பேருதவி. கோட்டை போயிற்று, இக்கற்களும் உப்புக் காற்றில் உதிர்ந்தால், கொடுமை நடந்த இடத்துக்கு அடையாளம் ஏது? வேலி போட்டுப் பூட்டுவதோடு பாதுகாப்பு முடிந்துவிடாது. சிமெண்டைப் பூசி ஒப்பேற்றுவது பாதுகாப்பே ஆகாது. ஒவ்வோர் எழுத்தும் படியெடுக்கப்பட வேண்டும். அதன் பொருள் தமிழில் அங்கேயே வைக்கப்பட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் அங்கு சென்று படித்தறிய வேண்டும்.

இன்னொன்றும் வேண்டும். எசமானுக்குக் கல் இருக்கிறது, பெயர் இருக்கிறது, பிறந்த நாளும் இறந்த நாளும் இருக்கின்றன. கப்பலேறிய நம்மவருக்கு? அத்தோட்டத்துக்கு வெளியே, கரையோரத்தில், அவர்களுக்கும் ஒரு கல் நாட்டுக! மாலை வேண்டாம், படையல் வேண்டாம். எண்ணிக்கையும் ஆண்டும் இருந்தால் போதும். கல்லை வணங்கச் சொல்லவில்லை நாம், படிக்கச் சொல்கிறோம்.