தேடுபொறியின் தீர்ப்பும் பத்திரிகைகளின் கடனும்

ஒருவரைப் பற்றி அறிய வேண்டுமாயின் அயலவரிடமோ, கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடமோ, கிராம சேவையாளரிடமோ விசாரிப்பதே நமது சமூகங்களின் நீண்டகால வழக்கமாக இருந்து வந்தது. இன்று அந்நிலை மாறிவிட்டது. மாப்பிள்ளை பார்ப்பவர்களும், வேலைக்கு ஆள் சேர்ப்பவர்களும், வீட்டை வாடகைக்கு விடுபவர்களும் முதலில் நாடுவது கூகுள் தேடுபொறியையே. பெயரை எழுதியதும் முதலாவதாக வந்து நிற்கும் பக்கம் எதுவோ, அதுவே அம்மனிதரின் நற்சான்றிதழாகவோ குற்றப்பத்திரமாகவோ ஆகிவிடுகின்றது. அப்பக்கம் எத்தனை வருடம் பழையது, அதில் கூறப்பட்டது பின்னர் பொய்யென நிரூபிக்கப்பட்டதா என்றெல்லாம் ஆராய எவருக்கும் பொறுமையில்லை.

இப்பிரச்சினை முதன்முதலில் உலகின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது ஸ்பெயின் நாட்டில் ஆகும். சமூகப் பாதுகாப்பு நிதிக்குச் செலுத்த வேண்டியிருந்த கடனுக்காக ஒருவரது சொத்து ஏலம் விடப்படுவதாக 1998ஆம் ஆண்டில் 'லா வன்கார்டியா' பத்திரிகையில் சிறு அறிவித்தல் வெளியானது. கடன் தீர்ந்தது. ஆனால், பத்திரிகையின் பழைய இதழ்கள் இணையத்தில் ஏற்றப்பட்டதைத் தொடர்ந்து, அவரது பெயரைத் தேடியவர்களுக்கெல்லாம் அந்த ஏல அறிவித்தலே முன்னே வந்து நின்றது. அவர் தொடுத்த முறைப்பாட்டின் இறுதியில், 2014 மே 13ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த தீர்ப்பொன்றை வழங்கியது. காலங்கடந்த, பொருத்தமற்ற தகவல்களைத் தனது பெயருக்குரிய தேடல் முடிவுகளிலிருந்து நீக்குமாறு கோரும் உரிமை ஒருவருக்கு உண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரமாகும். பொதுமக்கள் அறிய வேண்டிய நலன் மேலோங்கும் இடத்தில் இவ்வுரிமை செல்லுபடியாகாது என்பதையும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருந்தது. பத்திரிகையின் மூலப் பக்கமும் அழிக்கப்படவில்லை.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, மறக்கப்பட வேண்டும் என்று வழக்காடிய அம்மனிதரின் பெயர் இன்று உலகெங்கும் சட்டப் பாடநூல்களில் இடம்பெற்றுள்ளது. அதனாலேயே நாம் இங்கு அப்பெயரைத் தவிர்த்துள்ளோம். மேலும், இத்தகைய நீக்கத்தை உலகம் முழுவதற்கும் செய்ய வேண்டிய கடப்பாடு ஐரோப்பியச் சட்டத்தின் கீழ் கூகுளுக்கு இல்லை என 2019 செப்டெம்பரில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, கொழும்பிலோ காத்தான்குடியிலோ யாழ்ப்பாணத்திலோ வாழும் ஒருவருக்கு அந்த நிவாரணம் தானாக வந்து சேரப்போவதில்லை.

சட்டம் கைகொடாத இடத்தில் வியாபாரம் புகுந்துவிடுகின்றது. நற்பெயரை மீட்டுத் தருவதாகக் கூறும் நிறுவனங்கள் பல நாடுகளிலும் இயங்குகின்றன. புகழ்ச்சியான பக்கங்களை அடுக்கடுக்காக உருவாக்கி, பாதகமான செய்தியைத் தேடல் முடிவுகளின் அடியில் தள்ளிவிடுவதே இவற்றின் பிரதான உத்தியாகும். சில நிறுவனங்கள் இதற்கும் அப்பால் சென்று, செய்தியைப் பிரதிசெய்து முன்திகதியிட்டு வெளியிட்டுவிட்டு, மூலச் செய்தியே திருட்டு எனப் பதிப்புரிமை முறைப்பாடு செய்கின்றன. மோசடிக்காரர்களுக்காகவும் ஊழல்வாதிகளுக்காகவும் இவ்வாறான வழிகளைக் கையாண்ட ஸ்பானிய நிறுவனமொன்றின் நடவடிக்கைகளை, சர்வதேசப் புலனாய்வு ஊடகவியலாளர்கள் கூட்டாக 2023 பெப்ரவரியில் அம்பலப்படுத்தினர். பணம் படைத்தவனின் உண்மையான குற்றம் மறைக்கப்படுகின்றது. ஏழையின் மீது சுமத்தப்பட்ட பொய்ப்பழி நிலைத்து நிற்கின்றது. இதுவே இன்றைய யதார்த்தமாகும்.

இலங்கையின் சிறுபான்மைச் சமூகங்களுக்கு இது வெறும் தொழில்நுட்பப் பிரச்சினையன்று. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களைத் தொடர்ந்து, 2019 மே மாதத்தில் குருணாகல் வைத்தியசாலையின் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்ததாகச் சிங்கள நாளேடொன்றின் முன்பக்கத்தில் குற்றச்சாட்டு வெளியானது. அவர் கைது செய்யப்பட்டார். அதற்கு ஆதாரமில்லை எனக் குற்றப்புலனாய்வுத் திணைக்களம் அடுத்த மாதமே நீதிமன்றத்துக்கு அறிவித்தது. எனினும் ஜூலை பிற்பகுதியிலேயே அவருக்குப் பிணை கிடைத்தது. நாடு மருந்துத் தட்டுப்பாட்டினால் தவித்த 2022ஆம் ஆண்டில், தமக்குக் கிடைத்த நிலுவைச் சம்பளத்தை மருந்துக் கொள்வனவுக்கே அவர் வழங்கினார். ஆயினும் இன்றும் அவரது பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது அந்த முன்பக்கச் செய்தியே எனலாம்.

'நவரசம்' எனும் கவிதைத் தொகுதிக்காக 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்ட இளங்கவிஞரின் கதையும் இத்தகையதே. புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது 2023 டிசம்பரிலாகும். இவ்விருவருக்காகவும் குரல் கொடுக்க மனித உரிமை அமைப்புகளாவது இருந்தன. யுத்த காலத்திலும் அதன் பின்னரும் இதே சட்டத்தின் கீழ் கைதாகி, குற்றப்பத்திரம் கூடத் தாக்கல் செய்யப்படாமல் விடுவிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் இளைஞர்களின் பெயர்களுக்காகப் பேசுவோர் யார்? கைது முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் வருகின்றது. விடுதலையோ ஆறாம் பக்கத்தின் மூலையில் நான்கு வரியாக வருகின்றது. பல வேளைகளில் வருவதேயில்லை.

சட்டரீதியான பாதுகாப்பும் போதுமானதாக இல்லை. தன்னைப் பற்றிய தரவுகளை அழிக்கக் கோரும் உரிமையை, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஏட்டில் அங்கீகரித்துள்ளது. ஆனால், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. மறுபுறம், 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஆணைக்குழுவொன்றிடம் ஒப்படைத்தது. வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்ற நிலை நிலவும் நாட்டில், செய்தியை அழிக்கும் அதிகாரம் முதலில் ஆட்சியாளரின் பெயரைக் காக்கவே பயன்படும் என்ற அச்சம் நியாயமானதே. காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றியும் ஊழல் பற்றியும் எழுதப்பட்டவை அழிந்துபோவதற்கு நாம் ஒருபோதும் உடன்பட முடியாது.

அவ்வாறாயின் தீர்வு என்ன? அழிப்பதல்ல, முழுமைப்படுத்துவதே தீர்வு என்பது எமது நிலைப்பாடாகும். அமெரிக்காவின் 'பொஸ்டன் குளோப்' பத்திரிகை, பழைய செய்திகளை இற்றைப்படுத்துமாறு சாதாரண மக்கள் விண்ணப்பிப்பதற்கான திட்டமொன்றை 2021ஆம் ஆண்டில் ஆரம்பித்தது. பெல்ஜியத்தின் 'லெ சுவார்' பத்திரிகை 1994இல் வெளியிட்ட விபத்துச் செய்தியின் இணையப் பிரதியில் சாரதியின் பெயரை மறைக்குமாறு அந்நாட்டு நீதிமன்றம் பிறப்பித்த கட்டளை, பத்திரிகைச் சுதந்திரத்தை மீறவில்லை என 2023 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அச்சிட்ட மூல இதழ் அப்படியே இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

நமது பத்திரிகைகளும் இவ்வழியில் சிந்திக்க வேண்டும். ஒருவர் விடுவிக்கப்பட்டால், அவரது கைதுச் செய்தி இருக்கும் அதே இணையப் பக்கத்தின் தலைப்பிலேயே அவ்விடுதலை திகதியுடன் குறிக்கப்பட வேண்டும். நீதிமன்றக் கட்டளையின் பிரதியோடு வருபவருக்கு அச்சேவை கட்டணமின்றிச் செய்யப்பட வேண்டும். வழக்குத் தாக்கல் செய்யப்படும் வரை சாதாரண சந்தேகநபரின் பெயரை வெளியிடுவது அவசியந்தானா என்பதையும் ஆசிரிய பீடங்கள் ஒவ்வொரு தடவையும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். பொதுப் பதவி வகிப்போருக்கு இச்சலுகை பொருந்தாது.

இக்கடனிலிருந்து நாமும் விலகி நிற்க முடியாது. பொலிஸ் ஊடகப் பிரிவு அனுப்பியதை அப்படியே அச்சிட்டுவிட்டு, பின்னர் என்ன நடந்தது என்று தேடாத சந்தர்ப்பங்கள் எமது பக்கங்களிலும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். முன்னர் நாளேட்டின் ஆயுள் ஒரு நாள். மறுநாள் அது கடையில் சரை சுற்றப் பயன்பட்டது. இன்று நாம் எழுதும் ஒரு வரி, அந்த மனிதரின் பிள்ளைகள் வளர்ந்த பின்னரும் அவர்களைப் பின்தொடர்கின்றது. கைதைச் செய்தியாக்கிய கைகளுக்கே விடுதலையையும் எழுதி முடிக்கும் கடமை உண்டு.