கரியமிலவாயுவும் வேகக் கணக்கும்

நிலக்கரிப் புகையினின்று கரியமிலவாயுவைப் பிரித்து அடக்கிவிடலாம் என்னும் பேச்சு நம் தேசத்தில் பலமாய் அடிபடுகிறது. 2070-க்குள் நிகர வெளியேற்றத்தைச் சூன்யமாக்குவதாக 2021-ல் கிளாஸ்கோ மகாநாட்டில் நமது சர்க்கார் வாக்களித்திருக்கின்றனர். நமது மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே கிடைப்பதால் இது வீண் பேச்சன்று. ஆயினும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை எவரும் கேட்பதாகக் காணோம். அவ்வாயு எத்தனை விரைவில் பிடிபடும் என்பதே அக்கேள்வி.

கரியமிலவாயு அமைன் என்னும் திரவத்தோடு கூடும் என்பது பழைய சங்கதி; 1930-லேயே அமெரிக்காவில் அதற்குப் பேடண்டு வழங்கப்பட்டது. கூடுமென்று அறிந்தால் மட்டும் போதாது. கோபுரத்தினுள் புகை திரவத்தைத் தொட்டுச் செல்வது சொற்ப நேரமே. மோனோ எத்தனாலமைன் அதற்குள் வாயுவைப் பற்றிக்கொள்ளும். ஆனால் பற்றியதை விடுவிக்க ஏறக்குறைய 120 டிகிரி வரை காய்ச்ச வேண்டும். அதற்குரிய நீராவியை மின்சாரத்திலிருந்துதான் பிடுங்க வேண்டும். மெதில் டை எத்தனாலமைனுக்கு உஷ்ணம் குறைவாய்ப் போதும். அதுவோ பற்றுவதில் மகா சோம்பேறி. வேகம் குறைந்தால் கோபுரம் உயர வேண்டும். கோபுரத்தோடு செலவும் உயரும். கோடிக்கணக்கான ரூபாயின் கதி, ஆராய்ச்சிசாலையில் ஒரு சிறு பாத்திரத்தில் அளக்கப்படும் எண்ணைப் பொறுத்திருக்கிறது.

அந்த எண்ணை அளக்க நம்மவர்க்குத் தெரியாதென்று சொல்வார் உண்டாயின் அவர் சரித்திரம் அறியாதவர். ஜோத்பூரில் பிறந்த எம். எம். சர்மா கேம்பிரிட்ஜில் டாங்க்வெர்ட்ஸிடம் பயின்றார். காரங்களிலும் அமைன்களிலும் இவ்வாயு கலப்பதைக் குறித்து அவ்விருவரும் 1966-ல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் பிரசித்தமானது. சர்மா அங்கேயே தங்கிவிடவில்லை. பம்பாய்ச் சர்வகலாசாலையின் ரசாயனத் தொழில்நுட்பப் பகுதிக்கு வந்து ஒரு மாணவர் பரம்பரையையே உண்டாக்கினார். 1990-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக்கிற்று.

இத்தகைய வித்தை இருக்க, அயலார் தங்கள் புகையில் அளந்த எண்ணை நாம் கடன் வாங்குவானேன்? நமது நிலக்கரியில் சாம்பல் அதிகம். கந்தகம் நீக்கும் யந்திரம் வைப்பதினின்று பெரும்பாலான நிலையங்களுக்கு 2025-ல் சர்க்கார் விலக்கும் அளித்துவிட்டனர். புகையோடு வரும் கந்தக வாயு அமைனைக் கட்டிப்போட்டுவிடும். கட்டுண்ட அமைன் கரியமிலவாயுவுக்கு உதவாது. நாளடைவில் வேகம் விழும்.

ஆகையால் எந்த நிலையத்தில் கோபுரம் எழுகிறதோ அந்நிலையத்துப் புகையிலேயே, புதுத் திரவத்திலும் பல மாதம் ஓடிய திரவத்திலும், வேகத்தை நமது சர்வகலாசாலைகள் அளந்து பொதுஜனங்கள் அறியப் பிரசுரிக்க வேண்டும். அதற்கான பணத்தைச் சர்க்கார் முன்னதாக ஒதுக்கட்டும். டெண்டர் கோருவது அதன்பின் ஆகட்டும்.