ராடு போட்ட மாருதி

கையில் அரியர்ஸ் பணம் வந்தால் பாங்க் உத்தியோகஸ்தனுக்கு மூன்று வழிகள் உண்டு. ஃபிக்ஸட் டெபாசிட்டில் போடலாம், மச்சினனுக்குக் கடன் கொடுக்கலாம், பழைய காரில் கொட்டலாம். முதலாவதில் வட்டி வரும். இரண்டாவதில் மச்சினன் அப்புறம் வீட்டுப் பக்கமே வரமாட்டான் (இதுவும் ஒரு லாபம்தான்). மூன்றாவதில் சத்தம் வரும்.

என் ஸ்ரீரங்கத்து நண்பன் மூன்றாவது ரகம். பெயர் வேண்டாம், அவனுடைய மானேஜர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர். வண்டி 2012 மாடல் மாருதி 800. 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்து, 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோன அதே தீப்பெட்டிதான். இதை வைத்துக்கொண்டு கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் சாயாமல் ஏறிவிட வேண்டும் என்பது அவன் வாழ்க்கை லட்சியம். அவன் அம்மாவின் லட்சியம் இன்னும் எளிமையானது. முதுகில் டிஸ்க் தொந்தரவு. மாதம் இரண்டு தடவை தில்லைநகர் டாக்டரிடம் போக வேண்டும். குலுங்காமல் போனால் போதும்.

பட்ஜெட் பத்தாயிரம். இரண்டு லட்சியமும் ஒரே வண்டியில்.

"முன்னாடி ஸ்டெபிலைசர் பாரைத் தூக்கிட்டு தடிமனா ஒண்ணு மாட்டப் போறேண்டா. ராடு வாங்கியாச்சு. துவாக்குடிப் பக்கம் பாய்லருக்கே வேலை செய்யறவங்க இருக்காங்க, இதை வளைச்சுத் தர மாட்டாங்களா?" என்றான்.

ஸ்டெபிலைசர் பார், ஸ்வே பார், ஆன்ட்டி ரோல் பார் எல்லாம் ஒரே ஆசாமியின் பெயர்கள்தான். 1919-லேயே கனடாவில் ஸ்டீபன் கோல்மன் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் இதைப் புரிந்துகொள்ள கனடா போக வேண்டாம். நம்பெருமாள் புறப்பாட்டில் தோளுக்கினியானைச் சுமந்து வருகிற ஸ்ரீபாதம்தாங்கிகளைப் பாருங்கள். இடது பக்கத்தார் பள்ளத்தில் கால் வைத்தால், வலது பக்கத்தார் தாங்களும் முழங்காலை மடக்கித் தோளைத் தாழ்த்துவார்கள். பல்லக்கு சாயாது. காரில் அந்த வேலையைச் செய்வது இரண்டு சக்கரங்களையும் இணைக்கிற ஒரு முறுக்குக் கம்பி. வளைவில் ஒரு பக்கம் அமுங்கினால் அடுத்த பக்கத்தையும் பிடித்து இழுத்து அமுக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறி இறங்குகிற ஸ்பீடு பிரேக்கரில் அதற்கு வேலையே இல்லை, சும்மா சுழன்று கொடுக்கும்.

தடிமன் விஷயத்தில் ஒரு ஆச்சரியக் கணக்கு இருக்கிறது. கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் மடிப்பில் ஏறும். இருபது எம்.எம். கம்பியை இருபத்திரண்டு ஆக்கினால் கூடுவது பத்து சதவிகிதம் அல்ல, 46 சதவிகிதம்! கூட்டு வட்டிக்காரன்கூட இப்படிக் கேட்க மாட்டான்.

ஆனால் பி.காம். படித்தவனுக்கு இலவசமாக எதுவும் ஏறுகிறது என்றால் சந்தேகம் வரும். வளைவில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கத்துக்குப் போகிற மொத்தச் சுமை வண்டியின் எடை, உயரம், அகலம், வேகம் இவற்றைப் பொறுத்தது. கம்பி அதைக் கிட்டத்தட்டக் குறைப்பதே இல்லை. முன் சக்கரங்கள் எவ்வளவு ஏற்பது, பின் சக்கரங்கள் எவ்வளவு என்று பங்கு பிரிப்பதுதான் அதன் வேலை. எங்கள் பாஷையில் கான்ட்ரா என்ட்ரி. கல்லாவிலிருந்து பாங்க்குக்குப் போகும், மொத்தம் மாறாது. முன்னால் ரொம்ப விறைத்தால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போகப் பார்க்கும். பின்னால் விறைத்தால் மழை நாளில் வால் முந்தும். அதோடு, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் விழுந்தால் அந்த உதை மறுபக்கத்துக்கும் போகும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெருக்களில் போகிற ஒரு டிஸ்க் பேஷன்ட்டுக்கு இது என்ன பரிசு என்று யோசியுங்கள்.

இதையெல்லாம் சொன்னேன். காதலில் விழுந்தவனிடம் ஜாதகம் பேசின மாதிரி இருந்தது. சரி, பாலக்கரைக்குப் போவோம் என்று கிளம்பினோம்.

மெக்கானிக் பாய் ராடின் கதையைக் கேட்டார். பேசாமல் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார்.

"தம்பி, உள்ள பாருங்க. மத்த வண்டியில இந்த ராடு சாயாம இருக்கத்தான். உங்க வண்டியில வீலைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறதே இதுதான்."

குனிந்து பார்த்தோம். மாருதி 800-ல் கீழே இருக்கும் லோயர் ஆர்ம் ஒற்றைக் கை. சக்கரம் வெளியே போகாமல் அது பிடிக்கும். முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது ஸ்டெபிலைசர் கம்பியின் முனை! ஒரே கம்பியில் இரண்டு உத்தியோகம். மெக்ஃபர்சன் என்கிற சிக்கனக்காரரின் யோசனை இது. 1950-ல் இங்கிலாந்தின் ஃபோர்ட் கான்சல் காரில் வந்தது. சின்னக் கார்கள் மலிவாகக் கிடைத்ததற்கு இந்தக் கஞ்சத்தனமும் ஒரு காரணம்.

"அப்ப இது உடைஞ்சா?" என்றான் நண்பன்.

"பிரேக் அடிச்சா வீலு பின்னால போயிரும். ஸ்டியரிங் உங்க பேச்சைக் கேக்காது. நீங்க மலைக்குல்ல போகணும்னீங்க?"

நண்பன் முகத்தில் எழுபது வளைவுகளும் ஒவ்வொன்றாக வந்து போயின.

சாதா இரும்பானாலும் ஸ்பிரிங் ஸ்டீலானாலும், முறுக்கும்போது ஒரே அளவுதான் எதிர்த்து நிற்கும். வித்தியாசம் திரும்பி வருவதில் இருக்கிறது. பதம் போட்ட ஸ்பிரிங் ஸ்டீல் லட்சம் தடவை முறுக்கினாலும் பழைய நிலைக்கு வரும். கடை ராடு கொஞ்சம் அதிகமாக முறுக்கினால் அப்படியே கோணி நின்றுவிடும். முனைக்கு வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டில் பதம் போய், வெல்டிங் ஓரத்தில்தான் ஒரு நாள் விரிசல் விடும். பாய்லர் நின்ற இடத்தில் நிற்கிற சாமான், அதற்கு இந்தப் பிரச்னை கிடையாது. சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொன்னது.

பாய் அதற்குள் ஒரு கடப்பாரையை லோயர் ஆர்ம் பக்கம் கொடுத்து நெம்பினார். டொக்கென்று ஒரு சத்தம். ஸ்டெபிலைசர் புஷ், டி புஷ் எல்லாம் காய்ந்து, வெடித்து, கருவாடாகக் கிடந்தன. முன் மூலையை அமுக்கி விட்டார். வண்டி ஒரு தடவை எழும்பி அடங்க வேண்டும். இது ஊஞ்சல் ஆடியது. ஒரு ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு. இவ்வளவு நாளாக வண்டி வளைவில் சாய்ந்ததற்கும், பிரேக் போட்டால் இடது பக்கம் இழுத்ததற்கும், அம்மா "அப்பா ரங்கா" என்று கூவியதற்கும் காரணவான்கள் இவர்கள்தான்.

பாலத்துக்கே இந்த வைத்தியம் நடந்திருக்கிறது, ஞாபகம் இருக்கிறதா? சிந்தாமணிக்கும் மாம்பழச்சாலைக்கும் நடுவே 1976-ல் கட்டின காவிரிப் பாலம், இணைப்புகளில் தடக் தடக் என்று தூக்கிப் போட்டதே? 2022 செப்டம்பரில் மூடி, பேரிங்குகளையும் இணைப்புகளையும் சரிசெய்து, 2023 மார்ச்சில் திறந்தார்கள். தூண் பழைய தூண்தான். நடுவில் இருக்கிற மெத்தையை மட்டும்தான் மாற்றினார்கள்.

நண்பனின் பத்தாயிரத்தில் பாய் அதையேதான் செய்தார். எல்லா ரப்பர் புஷ்களும் புதிது, கம்பெனி சாமான். யூரித்தேன் புஷ் வேண்டுமா என்று நண்பன் இழுத்தான். அது ரப்பரைவிட விறைப்பு, ரோட்டில் நடப்பதை அப்படியே முதுகுக்குச் சொல்லும் என்று நானே தடுத்தேன். முன் ஷாக்குகள் இரண்டையும் ஜோடியாக மாற்றியாயிற்று. ஒன்றை மட்டும் மாற்றுவது ஒற்றைச் செருப்பு வாங்குகிற கதை. பிறகு வீல் அலைன்மென்ட். டயரில் காற்று கம்பெனி சொன்ன அளவு. இதற்குக் காசே இல்லை, ஆனால் வித்தியாசம் பெரிது. மீதி இருந்த சில்லறையில் மூன்று பேரும் டீ சாப்பிட்டோம்.

அடுத்த சனிக்கிழமை அம்மா பின் சீட்டில் ஏறினார். சிந்தாமணி தாண்டி, மெயின்கார்டு கேட் தாண்டி தில்லைநகர் வரை ஒரு தடவைகூட ரங்கனைக் கூப்பிடவில்லை. இறங்கும்போது, "ஏன்டா, வேற காரா இது?" என்று மட்டும் கேட்டார்.

கொல்லிமலைக்கும் போய்வந்தோம். வண்டி சாய்ந்துதான் ஏறியது. ஆனால் சாய்ந்த இடத்திலேயே நின்றது, அலையவில்லை.

எட்டடி ராடை என்ன செய்தான் என்கிறீர்களா? வீட்டு முற்றத்தில் குறுக்கே கட்டியிருக்கிறான். அம்மாவின் ஒன்பது கஜம் காய்கிறது. இதுவரை வளையவில்லை.