மெயினை அணைக்கும் முன்னால்

கடை அடைக்கும் நேரத்தில் கல்லாவை எண்ணி, ஷட்டரைப் பாதி இறக்கி, கடைசியாக மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பூட்டுவது நம் வியாபாரிகளிடம் நெடுநாளாக உள்ள பழக்கம். நல்ல பழக்கமே. சாக்கும் அட்டைப் பெட்டியும் அடுக்கியிருக்கும் கடையில் இரவு முழுவதும் வயரில் மின்சாரம் ஓட வேண்டியதில்லை. ஆனால், பில் போடும் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெயினை அணைத்துவிடுவதைக் கோட்டாறிலும் மார்த்தாண்டத்திலும் பல கடைகளில் காண்கிறோம். இதைப் பற்றித்தான் வணிக அன்பர்களிடம் பேச விரும்புகிறோம்.

கணக்கு முழுவதும் தங்கியிருப்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கில். மூடிய பெட்டிக்குள் பளபளக்கும் தட்டுகள், நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுழல்கின்றன. தட்டின்மேல் படாமல் ஒரு சிறு முனை மிதந்தபடியே எழுதுகிறது, படிக்கிறது. நடுவே உள்ள இடைவெளி, தலைமயிரின் கனத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. உரசினால் அந்த இடத்துக் கணக்கு போனதுதான். (முதல் ஹார்டு டிஸ்க்கை ஐ.பி.எம். கம்பெனி அறிவித்தது 1956 செப்டம்பரில். 24 அங்குலத் தட்டுகள் 50, எடை ஒரு டன்னுக்கு மேல். நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்ததும் அதே ஆண்டு நவம்பர் 1-ல்தான்.)

ஆரம்பகாலக் கம்ப்யூட்டர்களில், அணைக்கும் முன் முனையை ஓரமாக நிறுத்தத் தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டியிருந்தது. இன்றைய டிஸ்க்கில் கரண்ட் திடீரென்று நின்றாலும், சுழலும் தட்டின் வேகத்திலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்து முனை தானே ஒதுங்கிவிடும். இதை வைத்துத்தான் “ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி” என்று சர்வீஸ் பையன்கள் நம்மைத் தேற்றுகிறார்கள். அது பாதி உண்மை. அவசரத்தில் ஒதுங்குவதில் முனைக்குத் தேய்மானம் அதிகம். அதைவிடப் பெரிய கேடு வேறு இருக்கிறது.

நாம் அடிக்கும் பில் உடனே தட்டில் ஏறுவதில்லை. வேகத்துக்காக முதலில் தற்காலிக நினைவகத்தில் நிற்கிறது. கணக்கப்பிள்ளை சிட்டையில் குறித்துக்கொண்டு பிறகு பேரேட்டில் ஏற்றுவாரே, அது மாதிரி. முறையாக ஷட்டவுன் கொடுத்தால், சிட்டையில் உள்ளதை ஏற்றி முடித்து, முனையை ஒதுக்கி, தட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு அதன் பிறகே கம்ப்யூட்டர் அணைகிறது. மெயினை இழுத்தால் சிட்டை போயிற்று. கடைசி நாலு பில் போனால் பொறுத்துக்கொள்ளலாம். பாதி எழுதிய நிலையில் நின்றுவிட்டால் கணக்கு ஃபைலே திறக்காமல் போகவும் கூடும். முனையும் தட்டும் இல்லாத எஸ்.எஸ்.டி. டிஸ்க்கிலும் இந்த ஆபத்து உண்டு.

நம் பக்கத்துப் பலசரக்கு வியாபாரம் கடன் பற்று இல்லாமல் நடக்காது. டீக்கடைக்குப் போகும் சீனி, கல்யாண வீட்டுச் சாமான், கோயில் கொடைக்குப் போகும் அரிசி எல்லாம் பற்றுதான். முன்பு பேரேட்டைப் புரட்டிக் காட்டிப் பாக்கி கேட்டோம். டிஸ்க் போய்விட்டால் எதைக் காட்டுவது? நல்லவர்கள் தாமாகச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்; எல்லாரும் அப்படியா? போதாக்குறைக்கு, 2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசி நாளிலிருந்து 72 மாதம்வரை கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும்.

நாம் ஒழுங்காக அணைத்தாலும் கரண்ட் ஒழுங்காக நிற்குமா என்ற கேள்வி நியாயமானதே. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையையும் வாங்கும் மாவட்டம் இது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. புயலுக்காவது முன்னறிவிப்பு உண்டு. சாயங்கால இடிக்கு ஏது? ஆகவே யு.பி.எஸ். கட்டாயம் வேண்டும். ஆனால் அது தரும் பத்து நிமிடம் பில் போட்டுக்கொண்டே இருப்பதற்கல்ல, கம்ப்யூட்டரை மூடுவதற்கு. ‘இந்த ஒரு பார்ட்டியை முடிச்சிருவோம்’ என்று உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறோம். பாட்டரி தீரும் தறுவாயில் தானாகவே ஷட்டவுன் செய்யச் சொல்லும் யு.பி.எஸ். கிடைக்கிறது, கம்ப்யூட்டரோடு ஒரு கேபிளால் இணைக்க வேண்டும். விலை கூடுதல்தான். கடை முகப்புக்குக் கண்ணாடி போடக் கணக்குப் பார்க்காதவர்கள் இதற்குப் பார்ப்பது நமக்கு விளங்கவில்லை.

கேமரா பதிவுப் பெட்டியிலும் ஹார்டு டிஸ்க்தான் இருக்கிறது. பகலெல்லாம் இடைவிடாமல் எழுதிக்கொண்டிருப்பதை இரவில் மெயினோடு சேர்த்து அணைக்கிறோம். டிஸ்க்குக்கும் கேடு, திருடன் வரும் நேரத்தில் கேமராவும் தூங்குகிறது! இதற்குத் தனி லைன் இழுத்து, தனி ஃபியூசும் வைத்துவிடலாம். எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலைகூட இல்லை.

கம்ப்யூட்டரை மூடும் பொறுப்பு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க அவசரப்படும் பையனிடம் இருக்கக்கூடாது என்பது நமது உறுதியான கருத்து. கல்லாவை எண்ணுபவரே கணக்கையும் மூடட்டும். அன்றைய கணக்கை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, திரையிலேயே ‘பத்திரமாக நீக்கு’ என்று கொடுத்த பிறகு கேபிளைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். திரை கறுத்ததும் மெயினுக்குக் கை போகக்கூடாது. பெட்டியின் விளக்கு அணைந்து, உள்ளே சுழலும் ஓசையும் நிற்க வேண்டும். அரை நிமிடம் போதும்.

நல்ல யு.பி.எஸ்.களைச் சங்கத்தின் மூலம் மொத்தமாகக் கொள்முதல் செய்தால் விலை குறையும் என்பது நமது யோசனை. அடுத்த கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள், தங்கள் கடை யு.பி.எஸ்.ஸில் பாட்டரி எந்த ஆண்டு மாற்றியது, கரண்ட் போனால் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று குறித்துக்கொண்டு வந்தால் அன்றைக்கே பேசி முடித்துவிடலாம்.