எல்லாத்துக்கும் "அஜாக்கிரதை"தான் காரணமா?

செய்யூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து வடக்கே திரும்பினால், கூவத்தூர், கல்பாக்கம் தாண்டி மாமல்லபுரம். அங்கே ஒரு காலத்தில் உளிச் சத்தம்தான் கேட்கும் என்பார்கள். இப்போது உளிச் சத்தத்தோடு, அதைவிட அதிகமாக, 'கொய்ங்...' என்று கட்டிங் மெஷின் சத்தம். 1957-ல் தொடங்கிய சிற்பக்கலைக் கல்லூரி, 2015-ல் உலகக் கைவினை கவுன்சில் தந்த கற்சிற்ப நகரம் என்ற பெருமை, 2017-ல் கற்சிற்பங்களுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு... இத்தனை பெருமையும் இன்று பாதிக்குப் பாதி அந்த நாலு இஞ்ச் மெஷினை நம்பித்தான் நிற்கிறது.

சிற்பக் கூடம் மட்டுமா? செய்யூர் பக்கம் வீடு கட்டும் இடத்தில் டைல்ஸ் வெட்டுபவர், கிரில் பட்டறைக்காரர், தச்சர், பிளம்பர் எல்லோர் கையிலும் ஒரு மெஷின் இருக்கிறது. யாருக்காவது கை போனாலோ ஷாக் அடித்தாலோ ஊரே ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்லிவிடுகிறது: "அஜாக்கிரதைப்பா!"

இது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பேசாமல் இருப்பது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது.

முதலில் மெஷினைப் பார்ப்போம். நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு சுமார் 11,000 சுற்று சுற்றும். கணக்குப் போட்டால் டிஸ்க்கின் விளிம்பு மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. டிஸ்க் உடைந்தால் துண்டு பறப்பதும் அதே வேகத்தில்தான். அதைத் தடுக்கத்தான் கார்டு என்கிற இரும்பு மூடி. பெரும்பாலான இடங்களில் அதைக் கழற்றி எங்காவது மூலையில் போட்டிருப்பார்கள். ஏன்? மூடி இருந்தால் வெட்டும் கோடு சரியாகத் தெரியாது, பெரிய டிஸ்க் மாட்ட முடியாது, வேலை மெதுவாகும். எத்தனை அடி வெட்டினாரோ அத்தனைக்குத்தான் கூலி என்றால், மெதுவாக வேலை செய்யும் தைரியம் யாருக்கு வரும்? மரம் அறுக்கும் பல் பிளேடை அதே கிரைண்டரில் மாட்டுவதும் இப்படித்தான். தனியாக ஒரு ரம்ப மெஷின் வாங்கும் காசு மிச்சம். ஆனால் அந்தப் பிளேடு மரத்தில் சிக்கினால் மெஷின் அப்படியே ஆள் மீது எகிறும்.

அடுத்தது கரண்ட். பிளக் இல்லாமல் இரண்டு வயரையும் சாக்கெட்டில் சொருகி தீக்குச்சி வைத்து இறுக்குவதைப் பார்க்காதவர் யாராவது உண்டா? கேட்டால், "எம்.சி.பி. இருக்கு, ட்ரிப் ஆயிடும்" என்பார்கள். இங்கேதான் பெரிய தவறு. 16 ஆம்பியர் எம்.சி.பி. வயர் எரியாமல் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. இதயம் வழியாக 0.1 ஆம்பியர் போனாலே உயிர் போகலாம். 16 எங்கே, 0.1 எங்கே! ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்கிற கருவி. போன கரண்ட் முழுதாகத் திரும்பி வரவில்லை, எங்கோ கசிகிறது என்று தெரிந்தால் 0.03 ஆம்பியரிலேயே இணைப்பைத் துண்டித்துவிடும். உப்பளமும் உப்புக் காற்றும் உள்ள நம் கடலோரத்தில் எர்த் கம்பி சீக்கிரம் துருப்பிடித்துவிடும் என்பதால் இது இன்னும் அவசியம்.

மூன்றாவது தூசு. இதில் ரத்தம் வராது என்பதால் யாரும் விபத்து என்று சொல்வதில்லை. கருங்கல்லில் சிலிக்கா இருக்கிறது. மெஷினில் அறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத பொடியாகி நுரையீரலில் தங்கிவிடும். அதனால் வரும் சிலிக்கோசிஸைக் குணப்படுத்த மருந்து கிடையாது. காசநோய் வரும் ஆபத்தும் கூடும். முகத்தில் கட்டும் துண்டு அந்தப் பொடியைத் தடுக்காது. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசு பெரிதும் அடங்கும். ஆனால் தண்ணீரும் கரண்ட் மெஷினும் சேர்ந்தால்? தூசுக்குப் பயந்தால் ஷாக், ஷாக்குக்குப் பயந்தால் தூசு! ஈரத்தில் ஓட்டுவதற்கென்றே செய்த மெஷினும் ஆர்.சி.சி.பி.யும் இருந்தால்தான் இந்தச் சிக்கல் தீரும். "ஜாக்கிரதையா இரு" என்ற அறிவுரையால் தீராது.

ஆஸ்திரேலியாவில் சமையலறை மேடைக்குச் செயற்கைக் கல் அறுத்த இளைஞர்களுக்கு சிலிக்கோசிஸ் வந்தது. அங்கே "மாஸ்க் போடு" என்று சொல்லி நிறுத்தவில்லை. 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டார்கள். நாம் கருங்கல்லைத் தடை செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் பொறுப்பு வேலை செய்பவருடையது மட்டுமல்ல என்ற பாடத்தை எடுத்துக்கொள்ளலாமே?

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். மின்சாரம் வைத்து வேலை நடக்கும் இடத்தில் பத்து பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்றது 1948-ம் வருட தொழிற்சாலைகள் சட்டம். 2020-ல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை இருபதாக்கியது. கீற்றுக் கொட்டகையில் நாலு பேர் வேலை செய்யும் பட்டறை இரண்டு கணக்கிலும் வராது.

அப்படியானால் யார் கணக்கில் வரும்? விலைக் கணக்கில்தான் வர வேண்டும். ஒரு சிலைக்கு விலை போடும்போது கல், கூலி, கரண்ட் பில், வண்டி வாடகை எல்லாம் சேர்கிறது. கண்ணாடி, மாஸ்க், ஆர்.சி.சி.பி. மட்டும் சேர்வதில்லை. அதற்கான காசைத் தொழிலாளி தன் விரலாலும் நுரையீரலாலும் கட்டிக்கொண்டிருக்கிறார். கண்ணாடி நூறு, இருநூறு ரூபாய். ஆர்.சி.சி.பி. சில ஆயிரம் ரூபாய்க்குள். லட்சக்கணக்கில் செலவழித்து வீடு கட்டுபவர் தாராளமாகத் தரக்கூடிய தொகைதான்.

வீடு கட்டுபவர்கள் மேஸ்திரியிடம் ரேட் பேசும்போதே "கார்டு இல்லாத மெஷின் என் இடத்தில் ஓடக்கூடாது" என்று சொல்லலாம். தற்காலிக மின் இணைப்பிலேயே ஆர்.சி.சி.பி. மாட்டச் சொல்லலாம். மெஷின் வாடகைக்கு விடும் கடைக்காரர் மூடியும் பிளக்கும் சேர்த்துத்தான் தருவேன் என்று அடம் பிடிக்கலாம். அதன் பிறகும் ஒருவர் மூடியைக் கழற்றினால், அப்போது தாராளமாகச் சொல்லுங்கள் அஜாக்கிரதை என்று.

வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று எல்லா மெஷினையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறோம். நல்ல பழக்கம். அன்றைக்கே வயர் கிழிந்திருக்கிறதா, மூடி இருக்கிறதா, ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ட்ரிப் ஆகிறதா என்றும் பார்த்துவிட்டால் என்ன? பொட்டு வைக்கும் கைக்கு அதற்குப் பத்து நிமிஷம் கூட ஆகாது.